செருப்பைக் கழற்றி ஏறிய மலை

ஒவ்வொரு கோடையிலும் ஓர் இரவாவது ஏதாவது ஒரு மலையில் தங்கிவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்கு ஐந்து வயதானபோது தொடங்கியது. கொல்லிமலை இரண்டு முறை, பச்சைமலை மூன்று முறை, சிறுமலை ஒரு முறை, போன வருடம் கொடைக்கானலுக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்து ஓரம். கிளம்பிய நேரம், ஏறி முடித்த நேரம், கொண்டுபோன தண்ணீர், யாருக்கு எங்கே கால் வழுக்கியது என்பது வரை எல்லாவற்றையும் நான் குறித்து வைத்துவிடுவேன். அதனால்தான் இந்த வருடம் நடந்ததையும் மணி, நிமிடத்தோடு என்னால் சொல்ல முடிகிறது. சொல்ல முடிவதில் பெருமை ஒன்றுமில்லை.

இந்த வருடம் என் மனைவியின் தம்பியும் எங்களோடு வருவதாக இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். ஏழு வருடமாக எங்கள் மலைக் கதைகளைப் போனில் மட்டுமே கேட்டு வந்தவன். லீவு எப்போதும் பொங்கலுக்குத்தான் கிடைக்கும். இந்த முறைதான் மே மாதத்தில் பதினைந்து நாள் கிடைத்தது. பெண் பார்க்க, நிலப் பத்திரம் முடிக்க என்று பதின்மூன்று நாள் போய்விட்டது. ஞாயிறு இரவு பதினொரு மணிக்குத் திருச்சியிலிருந்து அவனுக்கு விமானம். மருமகளுக்கென்று ஒரு கூடாரம் வாங்கி வந்திருந்தான். நான்கு பேர் படுக்கலாம், மடக்கினால் தலையணை அளவுதான்.

"மாமா, இதைப் பிரிக்காமலே போயிருவீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"பிரிக்காமப் போனா ஒங்க அப்பா அதையும் நோட்டுல எழுதி வச்சிருவாரு. வா, போவோம். கொல்லிமலை இல்லாட்டி என்ன, நம்ம ஊர்ல மலையே இல்லையா?"

இருக்கிறது. குடுமியான்மலைக்கு மேற்கே, எங்கள் கீரனூரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள். அதன் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்குச் செய்ததற்கு அவர்கள் மலைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரக்கூடாது. ஒரே பாறை. கிழக்கிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி மொட்டையாக இருக்கும். உச்சியில் ஒரு வேல், அதற்கு வடக்கே நாலைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு பாறைக்குடைவு, பக்கத்தில் ஒரு சுனை. படிக்கட்டு கிடையாது. கிழக்குச் சரிவில் கால் வைக்க மட்டும் பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பார்கள்.

சனிக்கிழமை, கத்திரி தொடங்கி ஏழாம் நாள். மாலை நாலே முக்காலுக்கு இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். ஐந்து நாற்பதுக்கு அடிவாரம். அங்கே ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு நடுகல். அந்தக் கல்லுக்கு மேல் யாரும் செருப்புப் போட்டு ஏறக்கூடாது. நாங்கள் மூவரும் பழக்கமாகக் கழற்றி மரத்தடியில் விட்டோம். மைத்துனன் ஷூ போட்டிருந்தான். சிங்கப்பூரில் வேலைக்குப் போடுவது, தடித்த அடி.

"இதைக் கழட்டிப் பையில வச்சுக்கிறேன்க்கா. மேல போடமாட்டேன், சும்மா கூட வரட்டும்."

"கையில எடுத்துட்டுப் போனாலும் செருப்பு செருப்புதான். வேல் இருக்கிற எடத்துக்குத் தோல் சாமானைத் தூக்கிட்டு வருவியா? வண்டிப் பெட்டியில வை" என்றாள் மனைவி.

"அது தோலே இல்லக்கா, ரப்பரு."

"வைடா."

வைத்தான். சரிதான் என்றே எனக்கும் பட்டது. ஆறு மணிக்குப் பாறை வெதுவெதுப்பாக இருந்தது. வெறுங்காலில் ஏறுவது சுகமாகவே இருந்தது. இரண்டு ஐந்து லிட்டர் கேன்களையும் அவனே தூக்கிக்கொண்டான். ஆள் தொண்ணூறு கிலோவுக்கு மேல். மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே வந்தான். ஆறு முப்பத்தைந்துக்கு உச்சி.

சுனையில் தண்ணீர் இல்லை. தை மாதம் நான் வந்தபோது இடுப்பளவு இருந்தது. இப்போது அடியில் வெடித்த களிமண், நடுவில் ஒரு சிகரெட் பெட்டி. "சுனை வறண்டிருக்கிறது" என்று எழுதினேன். எழுதியதோடு சரி. அதை வைத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. காலையில் இறங்கிவிடப் போகிறோம்.

கூடாரம் போட்டோம். புளியோதரை சாப்பிட்டோம். கிழக்கே கீரனூர் வெளிச்சம் தெரிந்தது. மைத்துனன் அவனுடைய தங்குமிடத்தில் பன்னிரண்டு பேரும் ஒரே வாளிக்கு வரிசை நிற்பதை நடித்துக் காட்டினான். மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். அவன் பேசினால் எது நிஜம் எது நடிப்பு என்று சட்டென்று தெரியாது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் எதையும் சொல்லுவான். அவன் அக்காவே சில சமயம் ஏமாந்துவிடுவாள்.

காலை ஆறரைக்கு இறங்குவதாகத் திட்டம். ஐந்து முப்பத்தைந்துக்கு நான் எழுந்தேன். குடைவின் கிழக்கு நெற்றியில் ஏதோ எழுத்து இருப்பதை ஆறு மணி வாக்கில் கண்டேன்.

அதுவரை எத்தனையோ முறை அந்தக் குடைவில் உட்கார்ந்திருக்கிறேன், பார்த்ததில்லை. காலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். மூன்று வரி. ஊர்க்காரர்கள் பெயர் கிறுக்கியது அல்ல, பழையது. கல்வெட்டுப் புத்தகங்களை இருபது வருடமாகப் படித்துக்கொண்டு வருகிற ஒருவனுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஈரம் பட்டால் கல் கறுக்கும், எழுத்து இன்னும் தெளியும். கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினேன். தெளிந்தது. உடனே காய்ந்தது. மறுபடி ஊற்றினேன். மகளை எழுப்பி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஏழு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். ஏழரைக்குக் கூப்பிட்டாள். "இதோ" என்றேன். மைத்துனன் எட்டு மணி வரை கூடாரத்துக்குள் தூங்கினான். லீவின் கடைசித் தூக்கம், எழுப்ப மனம் வரவில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். எட்டரைக்கு அவள் வந்து கேனைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, குடிக்கிற தண்ணியவா இதுக்கு ஊத்துறீங்க?"

"இறங்க ஒரு மணி நேரம்தானே. கீழ பம்புசெட் இருக்கு."

"நீங்க பாறைய குளிப்பாட்டி முடிங்க, நாங்க ஒங்களுக்கு வேட்டி எடுத்து வைக்கிறோம்" என்றான் மைத்துனன் கண்ணைக் கசக்கியபடி.

ஒன்பது ஐந்து வரை முயன்றும் கையில் கிடைத்தது ஒரு பெயரின் கடைசி எழுத்தும் 'செய்வித்த' என்ற சொல்லும்தான். யார், எதை என்பது இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் செலவழித்திருந்தேன். இரவிலும் காலையிலும் குடித்தது, காப்பி வைத்தது எல்லாம் போக ஒரு லிட்டர் பாட்டில் நிறையவும், இன்னொன்றில் கால் பங்கும் மிச்சம்.

கூடாரத்தை மடக்கி, ஒன்பது நாற்பதுக்குக் கிழக்குச் சரிவின் விளிம்புக்கு வந்தோம். மகள்தான் முதலில் இறங்கினாள். நாலு எட்டு வைத்திருப்பாள். ஒரு சத்தமும் போடாமல் திரும்பி ஓடிவந்து என் பாதத்தின் மேல் ஏறி நின்றாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்திருந்தன. நான் கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல். சூரியன் உதித்ததிலிருந்து அந்தச் சரிவு முழுக்க வெயிலிலேயே கிடந்திருக்கிறது. எட்டடி தூரம் ஓடலாம். கீழே போய்ச் சேர முக்கால் கிலோமீட்டர் இருக்கும், பாதிக்கு மேல் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும்.

வேலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏழு மணிக்குள் இறங்கிவிடுவார்கள். செருப்பில்லாமல் ஏறுவது வழக்கம் என்றால், வெயிலுக்கு முன் இறங்குவது அந்த வழக்கத்தின் இன்னொரு பாதி. நாங்கள் ஒரு பாதியை மட்டும் கடைப்பிடித்திருந்தோம்.

குடைவுக்குத் திரும்பினோம். மாலை நாலரைக்குப் பாறை ஆறத் தொடங்கும், ஐந்தரைக்கு அடிவாரம், ஆறரைக்கு வீடு, எட்டுக்கு விமான நிலையம் என்று கணக்குப் போட்டேன்.

"யாருக்காவது போன் போட்டு வரச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது?"

"செருப்பு எடுத்துட்டு வாங்கன்னுதான்."

"மலை மேல செருப்பில்லாம மாட்டிக்கிட்டோம்னு சொன்னா மச்சான் மானம் போயிரும்க்கா. சாயங்காலத்துக்குள்ள கீரனூர்ல எல்லா வாட்ஸ்அப்புலயும் நாமதான். அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றான் மைத்துனன். அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். போன் போடவில்லை. அப்போது என் போனில் பதினெட்டு சதவீதம் இருந்தது. அவனுடைய உள்ளூர் சிம் முந்தைய நாளே தீர்ந்திருந்தது. மனைவி தன் போனை வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு மேல் குடைவுக்குள் நிழல் இருந்தது, குளிர்ச்சி இல்லை. தலைக்கு மேலிருந்த பாறை சூடேறி அந்தச் சூட்டைக் கீழே விட்டது. காற்று அசையவில்லை. மூடிக்கு மூடி அளந்து குடித்தோம். மனைவி தன் பங்கை மகளுக்குக் கொடுத்ததை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்துக்குத் தண்ணீர் தீர்ந்தது. இன்னும் நாலரை மணி நேரம். மகள் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். பிறகு அதையும் சொல்லவில்லை.

"நான் போறேன். பம்புசெட்ல தண்ணி பிடிச்சு, எல்லாருக்கும் செருப்பையும் தூக்கிட்டு வாரேன்" என்றான் மைத்துனன்.

"நான் போறேன்" என்றேன்.

"நீங்க அம்பது தாண்டிட்டீங்க, முட்டி வேற சரியில்ல. நான் மொட்டை மாடியில இதவிட வெயில்ல கம்பி கட்றவன். ஒக்காருங்க மச்சான். ஒங்க கல்வெட்டுக்குத் தொணையா இருங்க."

மனைவி மகளின் துப்பட்டாவைக் கிழித்து அவன் இரண்டு பாதங்களிலும் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதன் மேல் துண்டு. பன்னிரண்டு பதினைந்துக்கு இரண்டு காலிக் கேன்களோடு இறங்கினான். விளிம்பில் கூடாரத் துணியைப் போட்டு அதன்மேல் படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் வலது கால் துணி அவிழ்ந்து பின்னால் கிடந்தது. அவன் திரும்பி எடுக்கவில்லை. அங்கிருந்து ஓடினான், உட்கார்ந்தான், கையை ஊன்றினான், கையை உதறினான், மறுபடி ஓடினான். வேப்பமரத்துக்குள் மறைந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

அவன் அங்கேயே இருந்திருக்கலாம். அடிவாரத்திலிருந்து ஊர் அரைக் கிலோமீட்டர். போய் இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். மருமகள் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள் என்பதைத் தவிர அவன் தலையில் வேறு எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்று பதினெட்டுக்கு மேலே வந்து சேர்ந்தான். காலில் ஷூ. கழுத்தில் எங்கள் மூன்று ஜோடிச் செருப்பையும் கயிற்றில் கோத்து மாட்டியிருந்தான். இரண்டு கையிலும் நிறைந்த கேன். மனைவி ஷூவைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மகளுக்குத் தண்ணீர் கொடுத்தோம். நாங்கள் குடித்தோம். அவனுக்கு நீட்டியபோது, "கீழயே குடிச்சிட்டேன்" என்று கையசைத்துவிட்டுப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

ஒன்று இருபத்திரண்டுக்கு மகளைப் பார்த்து, "பெல்ட் மாட்டுனியா?" என்றான்.

"என்ன பெல்ட் மாமா?"

"சேஃப்டி பெல்ட். சூப்பர்வைசர் வந்தா எனக்குத்தான் திட்டு. எட்டாவது மாடிடி இது."

மகள் சிரித்தாள். தண்ணீர் குடித்த தெம்பு. நாங்களும் சிரித்தோம். "மாட்டிட்டேன் சார்" என்று அவள் சல்யூட் அடித்தாள். "லிப்ட் எங்க போச்சு? ஆளுங்களை எறக்கணும்" என்றான். அதற்கும் சிரித்தோம். மனைவி செருப்பைப் பிரித்து அடுக்கிக்கொண்டே, "லிப்ட் வராது, நீதான் எங்கள எறக்கணும்" என்றாள். அவன் வாளி வரிசையைப் பற்றி ஏதோ சொன்னான். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. நேற்று நடித்துக் காட்டியதன் தொடர்ச்சி என்று நினைத்தோம். கிளம்பலாம் என்று அவன் கையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கை கொதித்தது. அவ்வளவு தூரம் ஏறி வந்தவன் மேல் ஒரு பொட்டு வேர்வை இல்லை. சட்டை காய்ந்திருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை. கையை விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்தான். வாந்தி எடுத்தான்.

மணி ஒன்று முப்பது. எட்டு நிமிடம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சட்டையைக் கழற்றி இரண்டாவது கேனை முழுக்க அவன் மேல் ஊற்றினோம். மனைவியும் மகளும் கூடாரத் துணியை விரித்து இரண்டு பக்கமும் பிடித்து விசிறினார்கள். முதல் கேனில் மிச்சம் இருந்ததையும் கக்கத்திலும் கழுத்திலும் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் பாறையில் வழிந்து சுனைப் பக்கம் ஓடி, போய்ச் சேருவதற்குள் காய்ந்தது. ஒன்று முப்பத்திநாலுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். போனில் ஒன்பது சதவீதம்.

"எந்த ஊர் சார்? லேண்ட்மார்க் சொல்லுங்க."

சொன்னேன். வேப்பமரம், கிழக்கு அடிவாரம்.

"பேஷன்ட்டைக் கீழ கொண்டு வந்திருவீங்களா சார்? ஸ்ட்ரெச்சர் பாறையில ஏறாது."

கொண்டு வருகிறோம் என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன். இப்போது காலில் செருப்பு இருந்தது. ஆனால் தொண்ணூறு கிலோ ஆளை, நினைவில்லாதவனை, ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் முட்டி வலிக்காரனும் அந்தச் சரிவில் எப்படி இறக்குவது? அக்குளில் கைகொடுத்து விளிம்பு வரை இழுத்தோம். முப்பதடி. அதற்குள் அவன் முதுகுத் தோல் உரிந்தது. அவனைக் கீழே விட்டுவிட்டு மனைவி முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். "ஏங்க, எதாவது செய்யுங்க. எதாவது செய்யுங்க." நான் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மகள் மேற்கு விளிம்புக்கு ஓடிப்போய்க் கத்தினாள். "யாராச்சும் வாங்க" என்று திரும்பத் திரும்ப. தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினாள். ஒன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது.

"யாரு ஆத்தா அது? எங்கிட்டு நிக்கிற?"

ஆடு மேய்க்கிற பெண். என் மனைவி வயதுதான் இருக்கும். மேற்குப் பக்கத்துப் புதருக்குள்ளிருந்து, நிழலிலேயே நடந்து, ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டாள். காலில் டயர் செருப்பு. அதைத்தான் நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து, "பின்பக்கம் போடலாம் தம்பி. கட்டுப்பாடெல்லாம் அந்தக் கல்லுப் பக்கந்தான். இங்கிட்டு முள்ளுல எவன் வெறுங்காலோட வருவான்?" என்றாள். பிறகு மைத்துனனைப் பார்த்தாள். அவன் நெற்றியில் கையை வைத்தாள்.

"எப்பருந்து இப்படிக் கெடக்காரு?"

"அரை மணி நேரம்."

"அந்தப் பக்கமா எறக்குனா ஆளு தாங்காது. இருங்க, நான் ஆளு கூட்டியாறேன். தலைய நெழலுக்கு இழுங்க மொதல்ல" என்று சொல்லிவிட்டு, தன் இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலை மனைவி கையில் திணித்துவிட்டு வந்த வழியே ஓடினாள்.

மேற்குச் சரிவில் மதியம் வரை வெயிலே படுவதில்லை. காலை ஒன்பது நாற்பதுக்கு அந்த வழி தெரிந்திருந்தால் வெறுங்காலோடேயே, முள்ளைப் பார்த்துப் பார்த்து, அரை மணி நேரத்தில் இறங்கியிருப்போம். ஏழு வருடமாக மலை மலையாகப் போய்வந்த எங்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்து மலைக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கும் என்பது தெரியவில்லை. அங்கே யாரிடமும் கேட்டதில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு ஐந்து ஆட்கள் ஒரு கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். அவனைக் கட்டிலோடு சேர்த்து வேட்டியால் கட்டினார்கள். முன்னால் போனவர் "கல்லு, கல்லு", "எடது, எடது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். இருபதடிக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். மனைவி கட்டிலின் பக்கத்திலேயே, அந்தப் பாட்டிலில் நனைத்த துணியால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இடையில் அவன் உடம்பு விறைத்து ஒருமுறை வெட்டியது. கட்டிலை இறக்கி வைத்து நின்றார்கள். வெட்டு நின்றதும் ஒருவர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு, தூக்கு" என்றார்.

மூன்று பத்துக்குக் கீழே வந்தோம். ஆம்புலன்ஸ் அங்கே இல்லை. அது நான் சொன்ன இடத்தில், கிழக்கு அடிவாரத்து வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. மறுபடி போன் போடப் பார்த்தேன், போன் அணைந்திருந்தது. கட்டில் தூக்கி வந்த ஒருவர் தன் போனில் ஊருக்குச் சொன்னார். வண்டி கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அங்கிருந்த இன்னொரு பம்புசெட்டின் தொட்டியில் அவனைக் கழுத்து வரை இறக்கி வைத்திருந்தோம். ஒரு கையால் தலையைத் தாங்கியபடி மனைவி புடவையோடு தொட்டிக்குள் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

நாலே காலுக்கு ஆஸ்பத்திரி. இளம் வயது டாக்டரம்மா. ஐஸ் கட்டிகளை வைக்கச் சொல்லிக்கொண்டே கேட்டார்.

"எப்ப இருந்து மாத்திப் பேச ஆரம்பிச்சாரு? ஏறக்குறைய சொன்னாப் போதும்."

"ஒன்று இருபத்திரண்டு."

நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி ஊத்திக் குளிர்விக்க ஆரம்பிச்சது?"

"ஒன்று முப்பது."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

மனைவி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஈரப் புடவை தரையில் சொட்டியது.

"விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனைச்சோம்" என்றேன்.

டாக்டர் அதை எழுதவில்லை. மணியை மட்டும் எழுதிக்கொண்டார்.

தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது என்றார்கள். மூத்திரம் வர வேண்டும், வந்தால்தான் நம்பிக்கை. பையில் வந்திருந்தது கொஞ்சம், கடுங்காப்பி நிறத்தில். திங்கட்கிழமை ஒருமுறை டயாலிசிஸ் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒருமுறை. ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். மகளை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். செவ்வாய் மாலை வரை மனைவி என்னோடு பேசவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாந்தான் ஷூவக் கழட்டச் சொன்னேன். ரப்பருன்னு சொன்னான்ல. வைடான்னேன்."

"தண்ணிய ஊத்தினது நான்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் அவளை ஆறுதல்படுத்தவும் இல்லை, அவளும் என்னை இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அவன் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டே அந்த மூன்று நாளும் அமர்ந்திருந்தோம். உள்ளேயிருந்து செவிலியர் வெளியே வரும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்தோம். அவர்கள் வேறு யாருக்காகவோ வந்திருப்பார்கள். உட்காருவோம். பக்கத்துப் பெஞ்சில் விராலிமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. புதன்கிழமை காலை அவர்களுடைய ஆளை வெள்ளைத் துணி போர்த்தி வெளியே கொண்டு வந்தார்கள். மனைவி என் கையைப் பிடித்தாள். அவர்கள் படியிறங்கிப் போனதும் விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மதியம் ஒரு செவிலியர் எங்களைத் தேடி வந்தார். "ராத்திரியிலருந்து இருநூறு மில்லி வந்திருக்கு. நெறமும் தெளியுது. டாக்டர் வந்து சொல்லுவாங்க" என்றார். டாக்டர் வந்து, இன்னும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மூளை எப்படி இருக்கிறது என்பது முழித்த பிறகுதான் தெரியும் என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தான். இரண்டு பாதங்களிலும் கட்டு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். என் முகத்தில் நான்கு நாள் தாடி.

"என்ன மச்சான், மாலை போட்டிருக்கீங்களா?" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. முகம் எப்போதும் போல இறுக்கமாக இருந்தது.

நான் சிரிக்கவில்லை. மனைவி திரும்பி, "சிஸ்டர், கொஞ்சம் வாங்க. மாத்திப் பேசுறான்" என்றாள்.

"மாத்திப் பேசலக்கா. தாடியச் சொன்னேன்."

செவிலியர் வந்து அவன் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். பெயர் கேட்டார், சொன்னான். ஊர் கேட்டார். கீரனூர் என்றான். என்ன வேலை, எங்கே என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலுக்கும் மனைவி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், அவள்தான் பரீட்சை எழுதுவது போல.

"பாப்பா எறங்கிட்டாளா?" என்று நடுவில் அவனே கேட்டான்.

"எறங்கிட்டா தம்பி. நல்லா இருக்கா. பெரியப்பா வீட்டுல இருக்கா."

"இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க?" என்றார் செவிலியர்.

"ஞாயித்துக்கிழமை" என்றான். "ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ளைட்டு. எட்டு மணிக்கெல்லாம் அங்க நிக்கணும் சிஸ்டர். ஒரு நாள் தள்ளுனாலும் கம்பெனியில ஆள் மாத்திருவாங்க. எப்ப விடுவீங்க?"

செவிலியர் என்னைப் பார்த்தார். மனைவியும் என்னைப் பார்த்தாள். கிழமையைச் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று இருவருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வியாழன், மாப்ள" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் எதற்காவது சிரிப்பேனா என்று காத்திருப்பது போல இருந்தது. பிறகு கட்டுப் போட்ட தன் கால்களைப் பார்த்தான். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணத் தொடங்கினான்.